மாசி, பங்குனியில் மும்பைக் கழியில் கயாக்: முதல் முறை போகிறவர்களுக்கு எந்த நேரம் நல்லது?

செம்பூரில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மார்ச் முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர், 11 வயது மகள், 64 வயது மாமனார் எல்லோரும் சேர்ந்து அலையாத்திக் காடும் உப்புச் சதுப்பும் உள்ள ஒரு கழியில், அதாவது கடல்நீர் உள்ளே வந்து போகும் ஓடையில், கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் போக ஆசைப்படுகிறார்கள். யாருக்கும் நீச்சல் தெரியாது. வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று காலை 6 மணிக்கே தண்ணீரில் இறங்கத் திட்டம். பூநாரைகளையும் (ஃப்ளமிங்கோ) பக்கத்தில் பார்த்துவிட முடியுமா என்று மகள் கேட்கிறாளாம். நேரம், நீச்சல், பறவை என்று மூன்று கேள்விகள். ஆனால் நாலு பேரும் பத்திரமாகத் திரும்பி வருவோமா என்பதுதான் அடியில் இருக்கிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

என் சொந்த ஊர் தூத்துக்குடி. அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. பாத்தி, வரப்பு, உவர் மண் எல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்தவை. மும்பைக்கு வந்து 26 வருடங்கள் ஆகின்றன, முலுண்டில் இருக்கிறேன். அதில் 14 வருடங்களாகச் சனி, ஞாயிறுகளில் ராய்கட் பக்கத்துக் கழிகளில் புதியவர்களுக்குக் கயாக் சொல்லித் தருகிறேன். ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது), சேறு, துடுப்பு, காற்று இவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். உடல்நலம் பற்றிச் சொல்லும் இடங்களில் உங்கள் டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை.

முதலில், நம் ஊர்க்காரர்கள் பலரும் தவறவிடுகிற ஒன்று. தூத்துக்குடியில் கடல் ஏறுவதும் இறங்குவதும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். சென்னையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் அந்தக் கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்குக்கூட ஓதத்தைப் பார்த்து நேரம் குறிக்கிற பழக்கம் அவ்வளவாக இருப்பதில்லை. அலை இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். மும்பைக் கடல் வேறு மாதிரி. மும்பைத் துறைமுகத்தில் ஓதம் அளக்கும் இடமான அப்பல்லோ பந்தர் அளவுப்படி, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் உயர் ஓதம் சராசரியாக 4.4 மீட்டர், தாழ் ஓதம் 0.8 மீட்டர். சுமார் ஆறு மணி நேரத்தில் ஒரு மாடி உயரத்துக்கும் அதிகமாகத் தண்ணீர் ஏறுகிறது, அடுத்த ஆறு மணி நேரத்தில் அதே அளவு இறங்கிவிடுகிறது. அஷ்டமியை ஒட்டி அதே வித்தியாசம் சுமார் 1.4 மீட்டராகச் சுருங்கிவிடும். இங்குள்ள கோலி மீனவர்கள் பெரிய ஓதத்தை உதாண் என்றும் சின்னதை பாங் என்றும் சொல்வார்கள். ஏறுவது பர்த்தி, வடிவது ஓஹோட்டி. இந்த நாலு சொற்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் கரையில் நிற்கிற யாரிடமும் விசாரித்துவிடலாம். மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் சம இரவு நாள் வருவதால், அதை ஒட்டிய அமாவாசை, பௌர்ணமிகளில் ஓதம் பொதுவாகவே வலுத்திருக்கும். நீங்கள் கேட்ட மாதத்துக்கு இது முக்கியம்.

தண்ணீர் ஒரே சீராக இறங்குவதில்லை. மாலுமிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மொத்த வித்தியாசத்தை 12 பங்காக்கினால் முதல் மணி நேரத்தில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் 2, கடைசியில் 1. மொத்தம் 3.6 மீட்டர் என்றால், உயர் ஓதத்துக்குப் பிறகு முதல் மணி நேரத்தில் 30 சென்டிமீட்டர்தான் குறையும். கழி அப்படியே நிற்பதாகத் தோன்றும். மூன்றாவது மணி நேரத்தில் 90 சென்டிமீட்டர் போய்விடும். அப்போது ஓட்டத்தின் வேகமும் உச்சத்தில் இருக்கும், எதிர்த்துத் துடுப்புப் போட்டால் புதியவர்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். இது தோராயக் கணக்குதான். கழியின் வளைவும் காற்றும் இதைக் கொஞ்சம் மாற்றும். ஆனால் நடு இரண்டு மணி நேரம்தான் ஆபத்து என்பது மாறாது.

இப்போது நேரம். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி அன்று உயர் ஓதம் நண்பகலை ஒட்டி வரும். தாழ் ஓதம் காலை 6 மணியை ஒட்டி. அதாவது அப்படிப்பட்ட ஒரு நாளில் நீங்கள் சொன்ன 6 மணிக்குப் போய் நின்றால் கழியில் தண்ணீருக்குப் பதில் சேறுதான் இருக்கும். அஷ்டமிக்கு நேர்மாறு. விடியற்காலையிலேயே தண்ணீர் ஏறி முடிந்து, காலை முழுக்க வடிந்துகொண்டிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஏகாதசி, துவாதசி, திரயோதசி நாள்களில் உயர் ஓதம் காலை 9 மணியிலிருந்து பத்தரைக்குள் அமையும். குடும்பத்தோடு போக இதைவிட நல்ல நாள் கிடையாது. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் திதி போட்டிருக்கும், அதைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துக்கொண்டே வாருங்கள். ஆனால் திதி நாளைத் தேர்ந்தெடுக்க மட்டும்தான். நிமிடக் கணக்குக்கு இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையைப் பார்த்தே ஆக வேண்டும். அட்டவணை நேரம் துறைமுகத்துக்கானது, கழியின் உள்பகுதிக்குத் தண்ணீர் கொஞ்சம் தாமதமாக வரும். எவ்வளவு தாமதம் என்பது அந்தந்த இடத்துப் படகுக்காரருக்குத் தெரியும்.

உதாரணமாக உயர் ஓதம் 9:45 என்று வையுங்கள். ஏழே முக்காலுக்குத் தண்ணீரில் இறங்குங்கள், ஏறும் ஓட்டம் உங்களை உள்ளே கொண்டுபோகும். எவ்வளவு அழகாக இருந்தாலும் 9:15க்குத் திரும்பிவிட வேண்டும். தண்ணீர் நின்று யோசிக்கிற அந்த நேரத்திலும் வடியத் தொடங்கும் முதல் மணியிலும் சிரமமில்லாமல் வந்துவிடலாம். பத்தரைக்குக் கரையில் இருப்பீர்கள். மதியம் கடற்காற்று எழும்பும் முன்னால் எல்லாம் முடிந்திருக்கும்.

சேற்றைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் கயாக் கவிழ்வதைவிட நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். 11 வருடங்களுக்கு முன், பிப்ரவரியில், பௌர்ணமிக்கு மறுநாள், மூன்று பேர் போனோம். உயர் ஓதம் பகல் ஒரு மணி. அட்டவணை என் பையிலேயே இருந்தது. மெயின் கழியை விட்டு ஒரு கிளைக்குள் திரும்பினோம். உள்ளே காற்றில்லை, நிழல், வரப்பு ஓரமாக ஒரு கூட்டம் உள்ளான் பறவைகள் இரை பொறுக்கிக்கொண்டிருந்தன. பிளாஸ்க்கைத் திறந்து டீ குடித்தோம். அங்கே நாற்பது நிமிடம் இருந்திருப்போம். மூன்றரை மணி தாண்டித் திரும்பும்போது கயாக்கின் அடி தட்டியது. இரண்டு முறை துடுப்பால் உந்தினோம், மூன்றாவது முறை துடுப்பே சேற்றில் சொருகிக்கொண்டது. நண்பர் ஒருவர், இறங்கித் தள்ளிவிடுகிறேன் என்று ஒரு காலை வெளியே வைத்தார். தொடை வரை போய்விட்டது. உடனே மற்றக் காலை ஊன்றப் பார்த்தார். வரப்பிலிருந்து ஒரு கோலிப் பெரியவர், "ஹலூ நகா, ஹலூ நகா" என்று கத்தினார். அசையாதே என்று அர்த்தம்.

அந்தச் சத்தம்தான் அவரைக் காப்பாற்றியது. கழிச் சேறு மாவு போன்ற நுண்ணிய மண். காலை இழுத்தால் அடியில் வெற்றிடம் உண்டாகி இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். செய்ய வேண்டியது, உடம்பின் எடையைப் பரப்புவது. அவரை வயிறு படக் கயாக்கின் மேல் சாயச் சொன்னோம். கால் விரல்களையும் கணுக்காலையும் மெதுவாக ஆட்டச் சொன்னோம், அந்த அசைவில் காலைச் சுற்றித் தண்ணீர் இறங்கும், பிடி தளரும். கால் வெளியே வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. செருப்பு உள்ளேயே போய்விட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் இறங்கவில்லை. தண்ணீர் திரும்பி வந்து கயாக்கை மிதக்க வைத்தபோது இரவு பத்தே முக்கால். ஏழு மணி நேரம், மூன்று பேருக்கு அரை பாட்டில் தண்ணீர், ஒரே ஒரு டார்ச், கொசு. தப்பு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து திரும்ப வேண்டிய நேரத்துக்குப் போனில் அலாரம் வைக்காமல் நான் கிளம்பியதில்லை. தரை தட்டினால் கயாக்கிலேயே உட்காருங்கள். கரை பத்தடி தூரத்தில் தெரிந்தாலும் இறங்காதீர்கள்.

யூடியூபில் பார்த்துத் தயாராகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு வீடியோக்களில் வசந்தத் தொடக்கத்தில் உப்புச் சதுப்புக்குப் போவதென்றால் குளிருக்கான உடையைத்தான் முதலில் சொல்வார்கள். அங்கே காற்று இதமாகியும் தண்ணீர் பனிக்குளிராக இருக்கும், விழுந்தால் மூச்சே திணறும். அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. நமக்கு அது பொருந்தாது. பிப்ரவரி, மார்ச்சில் இங்கே தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். நம் பிரச்சினை வெயில். காலையில் மெல்லிய பனிமூட்டம், கிழக்கிலிருந்து லேசான தரைக்காற்று, ரொம்ப சுகமாக இருக்கும். பத்து மணிக்கு மேல் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் கீழிருந்தும் சுடும். மும்பையில் மார்ச்சிலேயே 40 டிகிரியைத் தாண்டிய நாள்கள் உண்டு. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், உப்புச்சர்க்கரைக் கரைசல், முழுக்கைச் சட்டை, கயிறு கட்டிய தொப்பி இவை போதும். குளிருக்கான உடையைப் போட்டுக்கொண்டு போனால் மயக்கம்தான் வரும்.

நீச்சல் தெரியாதவர்கள் போகலாமா என்றால், போகலாம். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் நீச்சல் தெரியாதவர்கள்தான். ஆனால் லைஃப் ஜாக்கெட் பெயருக்கு மாட்டியதாக இருக்கக் கூடாது. எல்லா பக்கிளையும் பூட்டிய பிறகு, தோள்பட்டைப் பகுதியை இன்னொருவர் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் ஏறி வந்து முகவாயில் இடித்தால் அது உங்கள் அளவு கிடையாது. மகளுக்குக் குழந்தைகள் அளவுதான் வேண்டும், கால்களுக்கு இடையே போகும் பட்டையுடன். பெரியவர்கள் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர்களோடு போகாதீர்கள். புறப்படும் முன் இடுப்பளவுத் தண்ணீரில், அடி கெட்டியாக உள்ள துறையில், ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்ந்து பாருங்கள். மேலே உட்காருகிற மாதிரிக் கயாக்கில் யாரும் உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டார்கள், விழுந்தால் மிதந்து வெளியே வருவார்கள். அதை உடம்பு ஒருமுறை தெரிந்துகொண்டால் பயம் பாதியாகிவிடும்.

இருவர் உட்காரும் கயாக்கில் மகள் பயிற்சியாளரோடு போகட்டும். மாமனார் முன் இருக்கையில், உங்கள் கணவர் பின்னால். திசை திருப்புவது பின்னால் இருப்பவர் வேலை, முன்னால் இருப்பவர் கை வலித்தால் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கலாம். பெரியவர்களுக்குத் தோளைவிட முதுகுதான் முதலில் நோகும், முதுகு தாங்கி உள்ள இருக்கை கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில நீரைப் பிரியச் செய்யும், வெயிலில் அது தலைசுற்றலில் கொண்டுவிடலாம். அவர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அழைத்துப் போங்கள்.

கழியில் குறுக்கே கம்பங்கள் நட்டு டோல் வலை கட்டியிருப்பார்கள். ஓட்டத்தோடு வரும் மீன் பையில் விழுவதற்கான வலை அது, ஓட்டத்தோடு வரும் கயாக்கையும் அதே மாதிரி இழுக்கும். கம்பம் தெரிந்ததும் தூரத்திலேயே ஒதுங்கிவிடுங்கள், அது இன்னொருவரின் பிழைப்பும்கூட. கல்லிலும் வேரிலும் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு மாதிரி வெட்டும். காலில் கட்டும் வார் உள்ள ஷூ போடுங்கள், ரப்பர் செருப்பு வேண்டாம். மும்பையைச் சுற்றிய கழிகளில் சாக்கடை கலக்கிறது, எனவே ஆறாத புண் இருப்பவர்கள் இந்தமுறை போகாமல் இருப்பது நல்லது. அங்கே வெட்டுப்பட்டால் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, அங்கே என்ன பார்ப்பீர்கள்? வீடியோக்களில் வரும் பச்சைப் புல்வெளி மாதிரிச் சதுப்பை எதிர்பார்க்காதீர்கள். குளிர்நாடுகளில் உறைபனி அலையாத்தி மரங்களைக் கொன்றுவிடும், அதனால் அங்கே உப்புநீர்க் கரையைப் புல் பிடித்துக்கொள்கிறது. நம் கரையில் அந்த இடத்தில் அலையாத்தி நிற்கிறது. தாணே கழியில் பெரும்பாலும் வெண்கண்டல்தான். பென்சிலைக் குத்தி வைத்த மாதிரிச் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருப்பவை அதன் மூச்சுவேர்கள். மகளிடம் ஒரு இலையைக் கிளையோடு வைத்தபடியே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த காலை என்றால் இலைமேல் பொடிப்பொடியாக உப்பு பூத்திருக்கும். வேர் வழியாக ஏறும் உப்பை அந்த மரம் இலையிலுள்ள சுரப்பிகள் மூலம் வெளியே தள்ளுகிறது. அலையாத்திக்குப் பின்னால், பெரிய ஓதம் மட்டும் எட்டிப்பார்க்கும் மேட்டில்தான் உண்மையான உப்புச் சதுப்பு. அங்கே தரையோடு படர்ந்திருக்கும் சதைப்பற்றான செடியைப் பார்த்ததும் எனக்கு அப்பா வேலை பார்த்த உப்பளக் கரை நினைவு வரும். நாங்கள் உமரி என்போம். இங்கே மோரஸ் என்று சொல்லிக் கீரையாகச் சமைக்கிறார்கள். மார்ச்சில் உப்பளங்களும் வேலை மும்முரத்தில் இருக்கும், பாத்திகளில் உப்பு வெளுத்துக் கிடக்கும். தண்ணீர் வடியத் தொடங்கும்போது சேற்றிலிருந்து டப் டப் என்று ஒரு சின்னச் சத்தம் நாலா பக்கமும் கேட்கும். வளைகள் திறக்கிற சத்தம். துள்ளித் துள்ளி ஓடும் சின்ன மீன் நிவ்டி. துடுப்பை மடியில் வைத்துவிட்டு இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் இருந்து பாருங்கள்.

பூநாரை விஷயத்தில் மகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். பூநாரைகள் குளிர்காலத் தொடக்கத்தில் வந்து மே வரை இருக்கும், எனவே மார்ச் சரியான மாதம்தான். ஆனால் அவை மேய்வது தண்ணீர் வடிந்த சேற்றுத் திட்டில். நீங்கள் கயாக்கில் பத்திரமாகப் போகக்கூடிய உயர் ஓத நேரத்தில் அந்தத் திட்டு மூழ்கிப்போய், அவை வேறு நீர்நிலைகளில் ஒதுங்கி ஓய்வெடுக்கும். இரண்டையும் ஒரே காலையில் சேர்க்கப் பார்ப்பவர்கள்தான் சேற்றில் சிக்குகிறார்கள். தாணே கழியின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் சொந்தக் கயாக்கில் நுழையக் கூடாது. பறவைக்கு ஐரோலியில் உள்ள வனத்துறையின் கடலோரப் பல்லுயிர் மையத்திலிருந்து கிளம்பும் படகுச் சவாரிக்கு இன்னொரு நாள் போங்கள். பறவைகள் எங்கே இருக்கும் என்று தெரிந்தவர்கள் ஓதம் பார்த்துத்தான் படகு விடுகிறார்கள். கயாக்கில் போகும்போதும் ஏதாவது பறவைக் கூட்டம் தலையைத் தூக்கிப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். உள்ளான்களும் மூக்கன்களும் பங்குனி, சித்திரையில் வடக்கே பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்கப் போகின்றன, அதற்கான கொழுப்பை இந்த வாரங்களில்தான் சேர்க்கின்றன. ஒருமுறை கிளப்பிவிட்டால் அந்த ஓதத்தில் அவை மேயக் கிடைத்த நேரத்தில் ஒரு பங்கு போய்விடும்.

கடைசியாக, அழைத்துப் போகிறவர்களிடம் பணம் கட்டும் முன் நாலு கேள்வி கேளுங்கள். அன்றைக்கு உயர் ஓதம் எத்தனை மணிக்கு? எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை கயாக்? அனுமதிச் சீட்டு இருக்கிறதா? முதல் கேள்விக்கு யோசிக்காமல் பதில் வந்தால் நல்ல இடம். "எப்போ வேண்டுமானாலும் வாங்க" என்றால் வேறு ஆள் பாருங்கள். புதியவர்கள் என்றால் ஒரு பயிற்சியாளருக்கு மூன்று கயாக்குக்கு மேல் நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வொருவர் ஜாக்கெட்டிலும் ஒரு விசில், தண்ணீர் புகாத பையில் ஒரு போன், அதில் 112, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டு எண்கள். திரும்பும் நேரத்தைக் கரையில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் நினைத்திருக்கும் ஞாயிறு அஷ்டமிப் பக்கம் விழுந்தால் அதை விட்டுவிட்டு, ஏகாதசி முதல் திரயோதசிக்குள் விழும் வேறு ஞாயிற்றைப் பாருங்கள். தேதியையும் எந்தக் கழி என்பதையும் எழுதினால், அன்றைய அட்டவணையைப் பார்த்து இறங்கும் நேரமும் திரும்பும் நேரமும் குறித்துத் தருகிறேன்.